முதல் பத்தியில் எதிராளி எங்கே?

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அதில் ஒரு சங்கடமும் உண்டு. கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இனி கண்ணைச் சாக்குச் சொல்ல முடியாது. நாம் குடியிருந்த தெருவில் அந்தப் பெரிய வளவு வீட்டைப் பிரித்துவிட்டார்கள். தேக்குத் தூண்களெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, மனசு வரவில்லை.

சரி, உன் வீட்டுப் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். திறனாய்வுக் கட்டுரைக்கு மற்றதெல்லாம் எழுதிவிட்டாள், முன்னுரைதான் வரமாட்டேன் என்கிறது என்கிறாய். அவள் செய்தது சரியான வரிசைதான். முன்னுரையைக் கடைசியில் எழுதுவதுதான் நல்லது. என்ன சொல்லப்போகிறோம் என்பது பலருக்கும் எழுதி முடித்த பிறகுதான் பிடிபடுகிறது.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள், வரலாறு முதுகலை. பர்மாவில் செட்டியார்களின் வட்டித்தொழில் பற்றிய கட்டுரை. முதல் வரி என்ன என்று நினைக்கிறாய்? “திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்ற ஔவையாரின் வாக்கிற்கிணங்க...” அதேதான். இந்தப் பக்கத்தில் நகரத்தாரை, அதாவது இந்தச் செட்டியார்களைப் பற்றி எழுதுகிற யாரும் அந்த வரியை விடுவதில்லை. அப்புறம் ஒன்பது நகரக் கோயில்கள், ஆத்தங்குடிக் கல், ஆயிரம் ஜன்னல் வீடு என்று ஒன்றரைப் பக்கம். முடிவில், “ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.”

அந்த ஒன்றரைப் பக்கத்தை அப்படியே பெயர்த்துச் செட்டிநாட்டுச் சமையல் பற்றிய கட்டுரைக்கு முன்னால் வைத்தாலும் பொருந்தும். வேறு கட்டுரைக்கும் பொருந்துகிற முன்னுரை இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல என்றேன். முகம் வாடிப்போனாள். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், அங்கே நல்ல வரி ஒன்று ஒளிந்துகிடந்தது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுக் கடன் கொடுக்கவில்லை, கொடுத்த பணம் திரும்பாததால் நிலம் அவர்கள் தலையில் வந்து விழுந்தது என்று எழுதியிருந்தாள். “இதை ஏம்மா இங்கே கொண்டுவந்து வைத்தாய்?” என்று கேட்டேன். “முடிவுதானே ஐயா, முதலிலேயே சொல்லலாமா?” என்றாள். துப்பறியும் கதைக்கு அது சரி. திறனாய்வுக் கட்டுரையில் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, அதை எப்படி நிறுவுகிறோம் என்று காட்ட வேண்டும்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து திருத்தியதில் பத்தி இப்படி வந்தது:

“கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடு. இந்த ஏற்றத்தையே சான்றாக வைத்து, அவர்கள் தொடக்கம் முதலே நிலத்தின்மீது கண்வைத்திருந்தனர் என்று கொள்வது உண்டு. ஆனால் அந்த ஆண்டுகளில் நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்திருந்தது. பணத்தைச் சுழலவிட்டே பிழைக்கும் தொழிலுக்கு விற்க முடியாத நிலம் சுமையே. நிலம் கைமாறியதற்குக் கடன் கொடுத்தவரின் ஆசையைவிட விலைச் சரிவே பெரிய காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.”

இதை மறுக்க ஆள் இருப்பார்கள், அதுதான் வேண்டும். விலை சரிந்தது சரி, உழுதவன் நிலத்தை எடுத்துக்கொண்டது யார் என்று ஒருவர் கேட்கலாம். கேட்டால் கட்டுரை உயிரோடு இருக்கிறது என்று பொருள். ‘ஆராய்கிறது’, ‘விளக்க முயல்கிறது’ என்றெல்லாம் எழுதினால் யாருக்கும் கோபம் வராது, படிக்கவும் தோன்றாது.

முன்னுரைக்கு இலக்கணம் சொல்லும் நன்னூல் பாயிரம் நம் இருவருக்கும் மனப்பாடம். நூலின் எல்லை என்ன, நுதலிய பொருள் எது, கேட்போர் யார், பயன் என்ன என்றெல்லாம் சொல்லச் சொல்கிறது. தற்புகழ்ச்சி கூடாது என்றும் சொல்லிவிடுகிறது. பாப்பா அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். ஆனால் யாரோடு உடன்படவில்லை என்பதைச் சொல்லும்படி அந்தப் பட்டியல் கேட்பதில்லை. அதற்கு நாம் உரையாசிரியர்களிடம் போக வேண்டும். “என்று உரைப்பாரும் உளர்” என்று பரிமேலழகர் மாற்றாரின் கருத்தை எடுத்துவைக்கிற இடங்களைப் பார்க்கச் சொல். எனக்கு முன்னுரை சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஒன்று மட்டும் கவனம். எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். நோஞ்சானாக்கி நிறுத்திவிட்டு அடிப்பதில் என்ன பெருமை?

ஆய்வுக் கட்டுரையின் முன்னுரைக்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் எழுதிய முறையை அவளுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். களத்தைக் காட்டு, அதில் ஓர் இடைவெளியைக் காட்டு, அங்கே உன் இடத்தைப் பிடி. நல்ல முறைதான். நம் பிள்ளைகள் கையில் அது “இத்தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை” என்று ஆகிவிடுகிறது. பாதி நேரம் யாராவது செய்திருப்பார்கள், இவர்கள் தேடியிருக்க மாட்டார்கள். முன்னவர் சொன்னதை மறுக்கலாம், ஒரு கேள்வி எழுப்பலாம், அவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஸ்வேல்ஸே வேறு வழிகளும் தருகிறார். அவற்றை யாரும் சீண்டுவதில்லை.

நீளம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். 3000 சொல் கட்டுரைக்கு 300. அகராதி விளக்கமும் நீண்ட மேற்கோளும் அதற்குள் வேண்டாம்.

பங்குனியில் கம்பன் விழாவுக்கு வருவாய்தானே? வீட்டில் கவுனி அரிசி செய்து வைக்கிறேன் என்கிறாள். அதற்கு முன்னால் பாப்பாவை எழுதியதை அனுப்பச் சொல். முழுக் கட்டுரை வேண்டாம், முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் போதும். முன்னுரைக்கான வரி பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்