பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு

கழுத்துப் பிளாஸ்திரியை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. விசாரித்த எல்லாருக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தத்தில் 12.1 வரை ஏறி நின்ற கால்சியம் இறங்கிவிட்டது.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். அதில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்த கால்சியத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்க, நான் சிறுநீரகக் கல் என்று இரண்டு வருஷம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன்! கண்டுபிடித்த டாக்டரம்மா, சுரப்பியை எடுத்த பின்னும் பத்து நிமிஷம் பொறுத்து, அது சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் பாதிக்கு மேல் இறங்கியதைப் பார்த்தே தையல் போட்ட சர்ஜன், சிஸ்டர்கள், லீவு கொடுத்த ஆபீஸ், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட நாத்தனார் எல்லாருக்கும் நன்றி. "பாலை நிறுத்து, சரியாகிவிடும்" என்ற சொந்தங்களுக்கும்தான். (அப்படி நிறுத்தக் கூடாதாம்.)

ஆனால் இந்த மடல், பக்கத்துக் கட்டிலில் மாமியாருக்குத் துணையிருந்த அக்கா, உங்களுக்கு.

ஆபரேஷனுக்கு மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பட்டினி கிடந்த எலும்புகள் கால்சியத்தை உறிஞ்சும், இப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான்தான் தூங்குகிற வீட்டுக்காரரை எழுப்பக் கூச்சப்பட்டுக் கிடந்தேன். நான் விரலை உதறுவதைப் பார்த்து, "என்னம்மா, மரத்துப்போகுதா?" என்று கேட்டு சிஸ்டரைக் கூட்டிவந்தது நீங்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து கால்சியம் மாத்திரையைக் கூட்டினார்கள்.

அந்த மாத்திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிசென்று. எச்சில் விழுங்கவே வலிக்கிற தொண்டை. அழுதுவிட்டேன். நீங்கள் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு எவர்சில்வர் ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தீர்கள். சாக்பீஸ் தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வேளையும் அப்படியே. விடியற்காலை மூன்று மணிக்கு மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, அதே கையோடு என் டம்ளரைக் கழுவினீர்கள். பதிலுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு காபி.

இனி யாருக்குத் துணைக்குப் போனாலும் என் பையில் இரண்டு ஸ்பூன் இருக்கும்.

டிஸ்சார்ஜ் அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மாத்திரையை இப்போது முழுசாகவே விழுங்குகிறேன் அக்கா. மாமியார் எழுந்து நடக்கிறார்களா?