கோமதிக்கு, அந்த ஊசி விஷயமாக

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் எழுந்து நடமாடுகிறார், பழையபடி செய்தித்தாளோடு சண்டை போடுகிறார் என்று படித்த பிறகுதான் மேற்கொண்டு படிக்கவே தெம்பு வந்தது. சர்க்கரை அப்படி இறங்கியதை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரிந்திருக்கும்.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட வேண்டிய இன்சுலினை இவருக்குப் போட்ட பெண்ணை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் மனசு ஆறவில்லை, நான்தான் பிடிவாதக்காரியா என்று கேட்டிருக்கிறாய். ஆறாதது நியாயம்தான். உனக்கு இன்னும் யாரும் பதிலே சொல்லவில்லை. ஓர் ஆளைக் காட்டிப் பேச்சை முடித்துவிட்டார்கள்.

வார்டிலேயே காலம் தள்ளியவள் நான். எனக்கு வேறு கேள்விகள்தான் முதலில் வருகின்றன. அன்று ராத்திரி அந்தப் பெண் தலையில் எத்தனை நோயாளிகள்? அண்ணன் மணிக்கட்டில் பெயர்ப்பட்டை இருந்ததா? இன்சுலின் போடும் முன் இன்னொரு சிஸ்டரும் சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே உண்டா? உண்டென்றால் அந்த நேரத்தில் அந்த இன்னொருத்தி எங்கே? ஆள் குறைத்த டூட்டிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது யார்? அந்தப் பெண் போன இடத்தில் இன்று வேறொரு பெண் நிற்கிறாள், அநேகமாக அதே பட்டியலோடு.

அமெரிக்காவில் ரடோண்டா வாட் என்ற நர்ஸின் வழக்கு உனக்கு நினைவிருக்கிறதா? 2017 டிசம்பரில், நாஷ்வில் நகரத்தில், ஸ்கேனுக்குப் போகப் பயந்த 75 வயது அம்மாவுக்குப் பதற்றம் தணிய மிடாசோலம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதன் வணிகப் பெயர் வெர்செட். மருந்து எடுக்கும் இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியிருக்கிறார். மருந்து வரவில்லை. தடையைத் தாண்டிப் போகும் வசதியைப் பயன்படுத்தி மறுபடி எடுத்தபோது கைக்கு வந்தது வெக்குரோனியம். மூச்சுத் தசைகளையும் சேர்த்து உடம்பையே செயலிழக்கவைக்கிற மருந்து அது. அந்த அம்மா பிழைக்கவில்லை. நர்ஸ் பார்த்திருக்க வேண்டிய எச்சரிக்கைகள் பல இருந்தன. குப்பியின் மூடியிலேயே எழுதியிருந்தது. அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நடந்ததை ஒளிக்காமல் சொன்னவரும் அவர்தான். மருத்துவமனையோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்கவில்லை. வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு குடும்பத்துடன் சமரசம் செய்துகொண்டது. மறு வருடம் பெயர் சொல்லாத யாரோ தகவல் கொடுத்த பிறகுதான் விசாரணை வந்தது. 2022இல் நர்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 3 வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். மருத்துவமனை மேல் குற்ற வழக்கே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "அப்படின்னா சொல்லாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களா மேடம்?" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. உடனே சொல்லிவிட வேண்டும், அந்த நோயாளிக்கு மாற்று மருந்து கொடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று பதில் சொன்னேன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இதெல்லாம் புதுத் தலைவலி என்று நினைக்காதே. எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் பாஸ்டனில் சொந்த மருத்துவமனை நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் சிகிச்சையில் 123 பிழைகள் என்று தானே எண்ணி, அச்சடித்தும் வெளியிட்டார். எல்லா மருத்துவமனையும் நோயாளியைப் பின்தொடர்ந்து, கடைசியில் என்ன ஆனது என்று பதிய வேண்டும் என்று வற்புறுத்தினார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு பட்டியலை வாசலில் ஒட்டுகிற மருத்துவமனை ஒன்றை எனக்குக் காட்டு, நான் அங்கேயே போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

பாடம் கற்றவர்கள் இல்லாமல் இல்லை. மயக்க மருந்துத் துறையில் ஆக்சிஜன் குழாயை நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு இருக்கும் இடத்தில் மாட்டி உயிர்கள் போயிருக்கின்றன. "கவனமாக மாட்டு" என்று சுற்றறிக்கை விட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒன்றின் முனை இன்னொன்றில் பொருந்தவே பொருந்தாதபடி செய்துவிட்டார்கள். நேராக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று பல நாடுகளில் விதி வந்ததும் இப்படித்தான். அலமாரியில் இல்லாத மருந்தைத் தவறி எடுக்க முடியாதே. ஆனால் பார், அலமாரியில் எது இருக்கும் என்று முடிவு செய்வது ராத்திரி டூட்டிப் பெண்ணா?

அதனால்தான் "அமைப்புக் கோளாறு" என்ற பேச்சைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அமைப்பு என்ன, தானாக முளைத்ததா? அதற்குப் பெயரும் பதவியும் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள். எவ்வளவு மாற்றும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறதோ அவ்வளவு பதிலும் அவரிடமிருந்து வர வேண்டும். குடித்துவிட்டுக் கத்தி பிடிப்பவன், சம்பவத்துக்குப் பிறகு கேஸ் ஷீட்டைத் திருத்துபவன், இவர்களுக்கெல்லாம் நான் இரக்கப்பட மாட்டேன். அவை கைதவறி நடந்தவை அல்ல.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 வாக்கில் வேறு வழியில் போனது. தவறு தங்களுடையது என்றால் நோயாளியிடம் தாங்களே போய்ச் சொல்வது, விளக்குவது, இழப்பீடு தருவது. வழக்குகள் குவியும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. நடந்தது வேறு. நோயாளி வருகை ஒரு லட்சத்துக்கு மாதம் 7 என்றிருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் நாலரையாகக் குறைந்ததாக 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பலர் நீதிமன்றம் போவது பணத்துக்காக மட்டுமல்ல, என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லாததாலும்தான்.

நிர்வாகியைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தனியாகப் போகாதே, உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. முதல் வேலையாகக் கேஸ் ஷீட்டின் முழு நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடு. பேச்சு சூடான பிறகு கேட்டால் தாள்கள் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். நான் மேலே எழுதிய கேள்விகளைக் கேள். "இனி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் எதை மாற்றினீர்கள், எந்தத் தேதியிலிருந்து, காட்டுங்கள் என்று கேள். கோபப்படலாம், தப்பில்லை. அந்தப் பெண் மேல் மட்டும் வேண்டாம். முடிந்தால் அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பார். ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான்.

என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நிர்வாகியைச் சந்திக்கும் நாள் முடிவானதும் சொல். அதற்கு முதல் நாள் ராத்திரி போனில் பேசுவோம். அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்,
சரஸ்வதி