மனச்சோர்விலிருந்து மீள்பவருக்குப் படிப்படியான பணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலம் குறித்து நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் நோயின் அறிகுறிகளைச் சொல்லி, தயங்காமல் மருத்துவரை நாடுமாறு கேட்டுக்கொண்டு முடிந்துவிடுகின்றன. மருத்துவரை நாடி, ஓரளவு தேறி, மீண்டும் அலுவலகத்துக்கு வருபவருக்கு என்ன நேர்கிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. 57 வயதில் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி, நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பிறகு பணிக்குத் திரும்பிய வங்கி அலுவலர் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கடன் பிரிவில் கழித்த எனக்கு ஒரு சிறு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படித்து முடிக்க இயலாமற்போனபோது, வீட்டில் எல்லோரும் அஞ்சியது மறதிநோயைத்தான். வயதானவர்களின் மனச்சோர்வு மறதியாகவும் வெளிப்படும் என்று மனநல மருத்துவர் விளக்கி, தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளையும் பார்த்த பிறகே சிகிச்சையைத் தொடங்கினார். மருந்து வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடித்தன. தூக்கமும் பசியும் முதலில் திரும்பின. கவனமும் முடிவெடுக்கும் துணிவும் வெகு தாமதமாகத் திரும்பின. என் வேலைக்கோ அந்தக் கடைசி இரண்டும்தான் மூலதனம்.

விடுப்பு முடிந்து வருபவர் பணிக்குத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றிதழைத் தர வேண்டும். தகுதி உண்டு என்றால் அன்று காலையே கடன் ஒப்புதல் அதிகாரம், வாராக்கடன் வசூல் இலக்கு, இரவு வரை நீளும் காணொலிக் கூட்டம் என அனைத்தும் தலைமேல் வந்துவிடும். இல்லை என்றால் அரைச் சம்பள விடுப்பு, அதுவும் தீர்ந்தால் விருப்ப ஓய்வு. “இன்னும் மூணு வருஷம்தானே சார், வி.ஆர்.எஸ். வாங்கிட்டு நிம்மதியா இருங்களேன்” என்று மேலதிகாரி சொன்னது அக்கறையால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துத் திரும்பிய சக அலுவலருக்கு, அவர் கேளாமலே தரைத்தளத்தில் இருக்கை ஒதுக்கியதும் இதே அலுவலகம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு. பணிக்காலத்தில் இயலாமைக்கு உள்ளானவரை அரசு நிறுவனங்கள் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென்றும், பழைய பணி ஒவ்வாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டுமென்றும் அதன் 20-ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய ரிசர்வ் காவல் படை அலுவலர் ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு மனநோய்க்கும் பொருந்தும் என்று உறுதி செய்தது. எனினும் இவை நீடித்த இயலாமையை மனத்தில் கொண்டவை. சில மாதங்களில் தேறிவிடக்கூடியவர் இயலாமைச் சான்றிதழைத் தேடிப் போகவும் மாட்டார், போக வேண்டியதும் இல்லை.

பிரிட்டனில் 2010 முதல் வழங்கப்படும் மருத்துவச் சான்றில், நோயாளி சில ஏற்பாடுகளோடு பணி செய்யலாம் என்று மருத்துவர் குறிப்பிட இடமிருக்கிறது: படிப்படியாகத் திரும்புதல், வேலை நேர மாற்றம், பொறுப்புகளில் மாற்றம், பணியிட வசதிகள். நம் வங்கிகளும் இதைச் செய்யலாம். முதல் சில வாரங்கள் அரைநாள் பணி, அதன்பின் குறிப்பிட்ட தொகை வரை மட்டும், இன்னொருவரின் கையொப்பத்தோடு கடன் ஒப்புதல் என்று வகுத்தால் போதும். உடல்நிலை தேறாதவரின் முடிவால் வங்கிக்கு இழப்பு வருமே என்று நிர்வாகம் கேட்பது நியாயமான கேள்விதான். அவரை முதல் நாளே முழு அதிகாரத்தோடு உட்கார வைப்பதில்தான் அந்த ஆபத்து அதிகம்.

ஊதிய ஒப்பந்தப் பேச்சில் விடுப்பு விதிகளையும் பேசும் அலுவலர் சங்கங்கள் இதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும். அதோடு, சிகிச்சையில் இருப்பவரை அவருடைய மருத்துவர் இருக்கும் ஊரைவிட்டு ஓராண்டுக்காவது இடமாற்றம் செய்யக்கூடாது என்ற விதியையும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வங்கி அலுவலர்,
மதுரை.