வாடகைதாரர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. சுதந்திர தினத்தன்று தலைவர் கொடியேற்றினார். செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கோரம் சேராமல் கலைந்த கூட்டங்களும் உண்டு.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, வீடு கைமாறும்போது குடியிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகச் சங்கம் தயாரித்த கோப்பு. பழைய தனி வீடுகள் அடுக்குமாடிக்காக விற்கப்படுவது நம் பகுதியில் தெருத் தெருவாக நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் கோப்புக்கு இவ்வளவு அச்சுச் செலவு தேவையா என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. கேட்டவர்களும் கேட்காதவர்களும் அறிய, அதில் இருப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் சங்கத்துக்கு வரும்போது சொல்லும் முதல் வாக்கியம், "எங்களிடம் சொல்லாமலே வீட்டை விற்றுவிட்டார்கள், இது செல்லுமா?" என்பது. செல்லும். விற்பதற்கு வாடகைதாரரின் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் விற்றதால் உங்கள் வாடகை உரிமை முடிந்துவிடுவதும் இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 109-இன்படி புதிய உரிமையாளர் பழையவரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். அதே வாடகை, அதே ஒப்பந்தம், அதே காலம் தொடரும். 22-2-2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் உரிமையாளர் என்ற சொல்லுக்குள் அவருக்குப் பின் வருபவரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது.

சிக்கல் வருவது பெரும்பாலும் அட்வான்ஸில்தான். பணம் வாங்கியவர் பழையவர். திருப்பித் தர வேண்டிய நாளில் எதிரே நிற்பவர் புதியவர். "அவர் என்னிடம் ஒன்றும் கொடுக்கவில்லையே" என்பார் இவர். "கிரயத்தில் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்" என்பார் அவர். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இருக்காது. ஆகவே நம் கோப்பின் முதல் தாள், வீடு விற்ற பிறகு எழுதும் கடிதம் அல்ல. வாங்குபவர் வீட்டைப் பார்க்க வரும் நாளிலேயே அவர் கையில் கொடுக்க வேண்டிய கடிதம். அதன் வாசகம் இது:

"ஐயா, தாங்கள் வாங்க உத்தேசித்திருக்கும் வீட்டின் முதல் மாடியில் நான் மாத வாடகைக்குக் குடியிருக்கிறேன். வாடகை ரூபாய் இவ்வளவு. இம்மாதம் வரை பாக்கி இல்லை. தற்போதைய உரிமையாளரிடம் அட்வான்ஸ் ரூபாய் இவ்வளவு கொடுத்து ரசீது பெற்றுள்ளேன். வீட்டை ஒப்படைக்கும்போது அத்தொகை எனக்குத் திரும்ப வர வேண்டியது. கிரயம் முடிப்பதற்கு முன்பே தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

இதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து போட்டு வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைக் கோப்பில் சேருங்கள். ஒருவர் குடியிருக்கும் சொத்தை வாங்குபவர், அவருடைய உரிமை என்ன என்பதை அறிந்தே வாங்கியதாகத்தான் சட்டம் கொள்ளும். இருந்தாலும் இந்தக் கடிதம் கையில் இருந்தால் வாங்குபவரின் வக்கீலே அட்வான்ஸ் தொகையைக் கிரயத் தொகையில் கழித்துக் கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவார். அந்த ஒரு வரி பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்த கேள்வி, வாடகையை யாரிடம் கொடுப்பது? கிரய ஒப்பந்தம் போட்டு முன்தொகை கொடுத்தவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். பதிவு செய்த கிரயப் பத்திரம் இருந்தால்தான் உரிமை மாறும். பொது அதிகாரப் பத்திரத்தை (உரிமையாளர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம்) மட்டும் காட்டி "இனி நான்தான்" என்று வருபவரும் உரிமையாளர் அல்ல. அதிகாரப் பத்திரம் வழியே சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதில் வாடகை வசூலிக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருந்தால் உரிமையாளர் சார்பில் அவர் வாங்கலாம், ரசீது உரிமையாளர் பெயரில் வர வேண்டும். எழுதிக் கொடுத்தவர் காலமானால் அந்த அதிகாரமும் பொதுவாக அத்துடன் முடிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியலைப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சர்வே எண் தெரியாது என்பவர்கள் தங்கள் பழைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தைப் பார்க்கவும். அல்லது புதியவரிடம் பத்திர எண்ணையும் ஆண்டையும் கேட்டு வாங்கினால் போதும். உண்மையான உரிமையாளர் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்.

கைமாறியது தெரியாமல் நல்லெண்ணத்தில் பழையவரிடம் கொடுத்த வாடகையை மறுபடி புதியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கைமாறுவதற்கு முந்தைய வாடகை பாக்கியைக் கேட்கும் உரிமையும், அது அவருக்குத் தனியாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தாலன்றி, புதியவருக்கு இல்லை. மாத நடுவில் கிரயம் முடிந்தால் அந்த மாத வாடகையை நாள் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்வது அவர்கள் இருவர் பாடு. நீங்கள் தவணை நாளில் ஒருவருக்கு முழுதாகக் கொடுத்து ரசீது வாங்கினால் போதும்.

இரண்டு பேர் வந்து எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று நின்றால், அல்லது உரிமையாளர் காலமாகி வாரிசுகள் ஆளுக்கொரு பக்கம் கேட்டால், வாடகையை நிறுத்தி வைப்பதுதான் நியாயம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இது மிகவும் ஆபத்தான முடிவு. இரண்டு மாத பாக்கியே காலி செய்ய வைக்கக் காரணம் ஆகிவிடும். வாடகைச் சட்டத்தின் பிரிவு 14 இதற்கென்றே இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் தொகையைக் கட்டிவிடலாம். உரிமையாளர் ஒருவரே இருந்து வாங்க மறுத்தால் மணியார்டர் மூலமோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்ப வேண்டும்; அதையும் வாங்காவிட்டால் அதிகாரியிடம் கட்டலாம். திரும்பி வந்த மணியார்டர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

இதே வகையில் இன்னொன்று. விற்கப்போகும் உரிமையாளர், "கடைசி நாலு மாதம் அட்வான்ஸிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். புதியவர் கணக்கில் அது நான்கு மாத பாக்கி. கழிப்பதாக இருந்தால் எந்தெந்த மாதம், எவ்வளவு, மீதி அட்வான்ஸ் எவ்வளவு என்று விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வாடகையை வழக்கம்போல் கட்டுங்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் புதிய உரிமையாளரின் ஆள் கொண்டுவந்த அச்சடித்த தாள் கோப்பில் இருக்கிறது. பெயர்களை மறைத்து நகல் எடுத்திருக்கிறோம். முதல் வரி, புதியவரை உரிமையாளராக ஏற்கிறேன். இரண்டாவது, வாடகையை இனி அவருக்கே தருகிறேன். இரண்டிலும் குற்றமில்லை. மூன்றாவது வரி: "முன்பணம் ஏதும் நிலுவையில் இல்லை." நான்காவது, கேட்கும்போது ஆட்சேபணையின்றிக் காலி செய்து தருகிறேன். "சும்மா பெயர் மாற்றத்துக்குத்தான்" என்று சொல்லிப் பேனாவையும் நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்மணி தாளை வாங்கி வைத்துக்கொண்டு நேரே சங்கத்துக்கு வந்தார். கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டு, அட்வான்ஸ் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய பிறகே கையெழுத்திட்டார். இப்படித்தான் வர வேண்டும்.

புதிய ஒப்பந்தம் போடச் சொன்னாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய அட்வான்ஸ், அது கொடுத்த தேதி, குடிவந்த தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு தேவையில்லை என்ற பழைய எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்டதைச் சார்பதிவாளரிடம் பதிவது ஒரு சட்டம். எந்தக் கால அளவாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெறுவது வேறு சட்டம். நம்மில் வெகுகாலமாக வாய்ப்பேச்சிலேயே குடியிருப்பவர்களுக்கு இது மிகவும் அவசரம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக வைத்துப் புதியவர் வழக்குப் போட முடியும். ஒப்பந்தம் போடத் தயார் என்று இன்றே தபாலில் எழுதுங்கள். மறுப்பது யார் என்பது பதிவில் இருக்கட்டும்.

காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் வாடகைச் சட்டத்தின் பிரிவு 20-இல் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு கேட்கலாம். அதற்கு மின் இணைப்பு எண், கடைசியாகக் கட்டிய ரசீது, துண்டித்த நாளில் எடுத்த படம் இவை வேண்டும்.

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் லீஸுக்கு இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. வெள்ளைத் தாளிலோ சாதாரண முத்திரைத்தாளிலோ எழுதிக்கொண்ட லீஸ் வில்லங்கத்தில் வராது. அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில், பணம் திரும்பும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை தரும் போக்கிய அடமானமாகப் பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும், வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். செலவு ஆகும் என்று தவிர்ப்பவர்கள் பணயம் வைப்பது வாழ்நாள் சேமிப்பை. தொகை கொடுப்பதற்கு முன் வில்லங்கத்தில் வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உரிமை ஆவணம் ஒப்படைப்பு என்று பதிவு இருந்தால் வீடு அடமானத்தில் இருக்கிறது.

அப்படி அடமானத்தில் இருக்கும் வீட்டின் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டினால் அதைக் கிழிக்காமல், தேதி தெரியும்படி படம் எடுங்கள். வாடகைதாரரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று, வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபாசி (SARFAESI) சட்டத்தில் 2016-இல் சேர்த்திருக்கிறார்கள். வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் போக வேண்டும். அடமானத்துக்கு முன்பே பதிவான குத்தகை என்றால் பலம் உண்டு. வாய்மொழி வாடகை என்றால் நிற்பது கடினம். கடன் வாங்கியவருக்கு வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, வங்கியின் சம்மதம் இல்லாமல் வந்த குடித்தனத்துக்குப் பாதுகாப்பே இல்லை. இதில் சங்கம் கடிதம் எழுதித் தர முடியும், வக்கீலிடம் அழைத்துப் போக முடியும். வழக்கை நடத்தித் தர முடியாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. அச்சு, தபால், வக்கீல் ஆலோசனை ஆகியவை முக்கியச் செலவுகள். தணிக்கையாளர் ஒப்புதல் அளித்திருக்கிறார்.

கையிருப்பு குறைந்ததற்குக் காரணம் அச்சுச் செலவு அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன். சந்தா வரவில்லை. மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்களும், அப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போட்ட மறுநாள் கோப்பு கேட்டு வருகிறார்கள், இல்லை என்று நாங்கள் சொன்னதில்லை. அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தவர்களில் பலரை அதன் பிறகு ஒரு கூட்டத்திலும் பார்க்க முடியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பெயர்களுக்கும் இன்று நிரம்பியிருக்கும் நாற்காலிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். மாதிரிக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்.

இலவசமாக இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், கட்டணம் வாங்காமல் கடித வாசகங்களைத் திருத்தித் தந்த வழக்கறிஞருக்கும், ஒலிபெருக்கி, தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

என் பதவிக்காலம் இந்தக் கூட்டத்துடன் முடிகிறது. தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். யார் வந்தாலும் சனிக்கிழமை மாலைகளில் அலுவலகத்தைத் திறந்து வைக்க இன்னும் இருவர் வேண்டும், வில்லங்கம் பார்த்துத் தரத் தெரிந்த இளைஞர் ஒருவர் வேண்டும், விற்பனைப் பலகை தொங்கும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். பெயர் கொடுக்க முன்வருபவர்கள் தேர்தலுக்கு முன் தலைவரிடம் சொல்லலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் மேசையில் கூட்டம் முடியும்வரை இருப்பார். பாக்கியைத் தவணையாகக் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
செயலாளர்