சோம்பலா, களைப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கலையில் தூங்கும் உருவங்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடுப்பக்கத்தில், தேயிலைச் செடியோரம் கூடையில் சாய்ந்து தூங்கும் ஒரு பெண்ணின் படம். அதன் கீழே 'சோம்பலின் அழகு' என்று ஒரு வரி. அதை எழுதியவர் ஒரு நாளாவது மலையேறிக் கொழுந்து பறித்திருக்கிறாரா என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

இருபத்தாறு வருடம் சித்திரம் படிப்பித்தவன் நான். பொலன்னறுவை கல் விகாரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், 46 அடி நீளப் புத்தரின் பாதங்களைத்தான் முதலில் காட்டுவேன். இடது பாதம் ஒரு துளி பின்தங்கியிருக்கும். இது உறக்கமில்லை, பரிநிர்வாணம், அதாவது புத்தரின் இறுதி மறைவு என்பதற்கு அதுதான் அடையாளம். தலை அழுத்திய இடத்தில் கல் தலையணைகூடப் பள்ளம் விழுந்திருக்கும். அதற்கும் நீங்கள் போட்டது 'உறங்கும் புத்தர்'. சரி, 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி சண்டைக்கு வரப்போவதில்லை.

வான்கோ 1890இல் வரைந்த, வைக்கோல் போர் நிழலில் தூங்கும் இருவரை மட்டும் கட்டுரையாளர் 'உழைப்பாளிகள்' என்கிறார். கழற்றி வைத்த சப்பாத்தும் பக்கத்தில் கிடக்கும் அரிவாள்களும் அதற்குச் சாட்சியாம். பிரான்சில் அரிவாள் சாட்சி சொல்லும். எங்கள் பெண்ணின் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு வாயில்லாததோ?

என் அம்மா மத்தியானத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவச் சுவரில் சாய்ந்து தூங்குவார். ஒரு கை கூடைக் கயிற்றை விடாது. விரல் நுனிகள் சாயக்கறையில் கறுத்து வெடித்திருக்கும். கங்காணியின் குரல் கேட்டால் கண் திறக்குமுன் அந்தக் கை எழும்பிவிடும். இரவிலாவது நிம்மதியா? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எட்டுப் பேர். கால் நீட்டுவதே முறை வைத்துத்தான். அந்தக் கையை வரைந்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'தோட்டத்துப் பெண் என்றால் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்க வேண்டாமா?' என்றார் நடுவர். தேயிலைப் பெட்டியில் அப்படித்தானே இருக்கிறாள்!

மண்சரிவு வந்தால்தான் உங்களுக்கு எங்கள் ஞாபகம். முன்பு நான் எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்றுதான் வந்தது, அதுவும் பாதி. ஊர்ப் பெயரும் பிழை. தங்களுக்கு இடநெருக்கடி இருக்கும், புரிகிறது. லயத்தில் பிறந்தவனுக்கா அது தெரியாது?

அடுத்த இதழில் ஒரு மூலை போதும். 'சோம்பல்' என்ற இடத்தில் 'களைப்பு' என்று திருத்திப் போடுங்கள். அப்புறம், படம் எடுத்தவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டிருந்தால் அதையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
தலவாக்கலை