கல்விச் சுற்றுலா: முதலில் பெயர்ப் பட்டியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களைத் தமிழ்நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் மலேசியப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் பயண நிரலை ஆற அமர எழுதுகிறார்கள். கடப்பிதழை (பாஸ்போர்ட்) கடைசியில்தான் கேட்கிறார்கள். முதல் வாரமே கேளுங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுக்க 200 ரிங்கிட். தோட்டப்புறக் குடும்பங்களில் அது சம்பள நாள் பார்த்துச் செய்யும் செலவு.

பெரிய தலைவலி, நம்மவர் பெயரில் அப்பா பெயருக்கு முன்னால் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி'; மலாயில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதன் சுருக்கம். விமான டிக்கெட் படிவம் அந்தச் சாய்கோட்டை (/) ஏற்காது. ஒரு மாணவர் அதை விட்டுவிடுவார், இன்னொருவர் 'ஏஎல்' என்று ஒட்டி எழுதுவார், மற்றொருவர் அப்பா பெயரையே விட்டுவிடுவார். ஆளாளுக்கு நிரப்ப விடாதீர்கள். கடப்பிதழைப் பார்த்து ஒருவரே பட்டியல் தயாரித்து, டிக்கெட், இ-விசா, காப்புறுதி மூன்றுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். குழுக் கட்டண டிக்கெட்டில் பெயர்த் திருத்தம் லேசில் நடக்காது.

சிறிய குழுவானாலும் விரிவுரையாளர் இருவர் வேண்டும். ஒருவர் காய்ச்சல்கார மாணவரோடு மருத்துவமனையில் உட்கார்ந்தால் மற்றவர் குழுவைப் பார்ப்பார். அங்கே முன்பணம் கேட்பார்கள், காப்புறுதிப் பணம் பிறகுதான் வரும். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

இந்திய ரயிலில் பொது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். தஞ்சைக்கு மதியம் போய்ச் சேர்ந்து என்ன பயன்?

பெற்றோர் கூட்டத்தைக் கோலாலம்பூரில் வேலை நாளில் வைத்தால் இங்கே சுங்கை சிப்புட்டிலிருந்து யார் வருவார்? ஞாயிறு மாலை, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வையுங்கள். எந்தத் தவணைக்குப் பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட்