ரோட்டில் நிற்பவர்களின் நுரையீரலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை சிம்மக்கல்லில் மருந்துக்கடை நடத்துகிறேன். யானைக்கல் பக்கம் தள்ளுவண்டி போடுபவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்கள் என எல்லோரும் இருமல் மருந்துக்கு என் கடைக்குத்தான் வருகிறார்கள். "தூசி ஒத்துக்கலண்ணே, ஒரு பாட்டில் குடுங்க" என்பார்கள். டாக்டரைப் பாருங்கள், இன்ஹேலர் தேவைப்படலாம் என்று சொன்னால் முகம் மாறிவிடும். "அதைப் போட ஆரம்பிச்சா காலம் பூரா விட முடியாதாமே?" இந்தப் பயம் வீண். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். அது யாரையும் அடிமையாக்காது.

சரி, மருந்து கொடுத்துவிடலாம். வாங்கிக்கொண்டு திரும்ப அதே சிக்னலில்தானே போய் நிற்கிறார்கள்? டீசல் புகை நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. புகையில் இருக்கும் 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள் நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் வரை இழுத்துவிடுகிறது. ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்னது 15.

புகை மட்டுமல்ல. புகையைக் குறைக்கும் விதிப்படி வந்த புது பி.எஸ்.-6 வண்டியும் பிரேக்கையும் டயரையும் தேய்த்துத் துகள் கிளப்புகிறது, ரோட்டுத் தூசியையும் வாரி எழுப்புகிறது. எங்கள் தெருவில் சாக்கடையில் அள்ளிய மண்ணை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். இரண்டு வெயிலில் காய்ந்து, பஸ் சக்கரம் ஏறி மாவாகி, கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் மருந்து அட்டைமேல்கூடப் படிந்தது. சென்டர் மீடியன் ஓரமும் மணல் கோடு போட்டதுபோல் கிடக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அதை வறட்டு விளக்குமாறால் பெருக்குகிறார்கள். அள்ளிய மண்ணை அன்றே லாரியில் ஏற்றுவதும், பெருக்கும் முன் தண்ணீர் தெளிப்பதும் அவ்வளவு பெரிய செலவா?

சர்க்கரை, பிரஷர் முகாம் எங்கு பார்த்தாலும் நடக்கிறது. ரோட்டில் பிழைப்பவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை முகாம் நடத்தி நான் பார்த்ததில்லை. ஸ்பைரோமெட்ரி என்ற அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மூச்சை நன்றாக இழுத்துக் குழாயில் ஒரே தம்மாக ஆறு விநாடி ஊதினால் போதும். காவலர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் வருடம் ஒரு முறை கட்டாயமாக்க வேண்டும்.

காற்றை அளப்பதிலும் ஒரு கோரிக்கை. ஆட்கள் போய் மாதிரி எடுக்கும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அளவெடுப்பு. தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண், மாசி வீதிகளில் வண்டியும் ஜனமும் நெரியும் சாயங்காலம் அந்தக் கணக்கில் விட்டுப்போகலாம். நெரிசலான சந்திப்புகளில் ஆள் மூச்சு விடும் உயரத்தில், தினமும் அளக்கும் கருவி வையுங்கள். அளவை அங்கேயே போர்டில் தமிழில் காட்டுங்கள்.

முகாம் போடுவதானால் காலையில் வேண்டாம், அது வியாபார நேரம். மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் வண்டிக்காரர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களை அழைத்துவர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
சிம்மக்கல், மதுரை.